சஸ்டெய்ன் பெடல்: இருப்பதிலேயே மலிவானது போதாதா?

ஜூன் 4, காலை (ஒரு வாசகர்)

61 கீ உள்ள கீபோர்டு. பின்பக்கம் சஸ்டெய்ன் என்று எழுதிய ஓட்டை காலியாகவே கிடக்கிறது. கீயை விட்ட பிறகும் நோட்டு ஒலித்துக்கொண்டிருக்க காலால் மிதிக்கிற பெடலுக்கான ஓட்டை அது. கீபோர்டு கம்பெனியின் சொந்தப் பெடல் ஒரு விலை, பெயர் தெரியாத பெடல் அதில் பாதிகூட இல்லை. விசாரித்த வரையில் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரு சுவிட்ச். மிதித்தால் ஆன், காலை எடுத்தால் ஆஃப். இதில் உசத்தி என்ன, மட்டம் என்ன? இருப்பதிலேயே மலிவானதை வாங்கினால் போதும் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

சுவிட்ச்தான். அதில் சண்டை இல்லை. கீபோர்டுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மிதித்திருக்கிறதா, இல்லையா. மிடி (மின்னணு இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி) கணக்கில் இது 64ஆம் எண் கண்ட்ரோலர், அதாவது கட்டளை. மதிப்பு 0 முதல் 63 வரை இருந்தால் ஆஃப், 64 முதல் 127 வரை இருந்தால் ஆன். சாதாரணப் பெடலை மிதித்தால் 127, விட்டால் 0, நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே விலை கூடிய பெடலை மாட்டினால் பியானோ சத்தம் இனிமையாகும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். சத்தம் கீபோர்டுக்குள்ளிருந்து வருகிறது.

ஆனால் நீங்கள் காசு கொடுப்பது சுவிட்சுக்கு இல்லை. அதைச் சுற்றியுள்ள சாமானுக்கு. தரையில் நகராமல் நிற்கிற எடை, அடியில் ஒட்டிய ரப்பர், வயர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் பிடிப்பு. மலிவான பெடல் காலை வாருவது இங்கேதான். இதற்கு மேல் போலாரிட்டி என்று ஒரு தலைவலி. அது நாளைக்கு.

ஜூன் 5, காலை

போலாரிட்டி. பெடல் வாங்குகிறவர்களைக் குழப்புவதில் இதற்குத்தான் முதல் இடம். விஷயம் சின்னது.

ஒரு வகைப் பெடலில், சும்மா இருக்கும்போது உள்ளே இரண்டு தகடுகளும் தொட்டுக்கொண்டிருக்கும். மிதித்தால் பிரியும். இன்னொரு வகையில் சும்மா இருக்கும்போது பிரிந்திருக்கும், மிதித்தால் தொடும். யமஹா பெடல்கள் முதல் வகை. காசியோ பெடல்கள் இரண்டாவது வகை. இரண்டுமே சரிதான், எந்தக் கீபோர்டு எதை எதிர்பார்க்கிறது என்பதுதான் கேள்வி. மாறிப்போனால் வேடிக்கை: காலைத் தூக்கினால் வாசித்ததெல்லாம் இழுத்துக்கொண்டே கிடக்கும், மிதித்தால் சட்டென்று நிற்கும். பெடல் டிஃபெக்ட் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாவம், அது ஒரு தப்பும் செய்திருக்காது.

இன்றைய கீபோர்டுகளில் பலவும் இதைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும். பவர் போட்ட நொடியில் பெடல் ஓட்டையைப் பார்க்கும். அப்போது என்ன நிலையோ அதுதான் மிதிக்காத நிலை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் பெடல், பிறகு பவர். பவர் போடும்போது கால் பெடல் மேல் இருக்கக் கூடாது. கால் இருந்தால் கீபோர்டு தலைகீழாகப் புரிந்துகொண்டு, அணைத்துப் போடும் வரை அப்படியே அடம்பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கிற கீபோர்டில் பெடலைச் செருகினாலும் இதே கதை நடக்கலாம்.

தானாகக் கண்டுபிடிக்காத கீபோர்டுகளில் மெனுவுக்குள் போலாரிட்டி என்று ஒரு செட்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் பெடலிலேயே மாற்றுகிற வசதி வேண்டும். எம்-ஆடியோ எஸ்பி-2, நெக்டார் என்பி-2 போன்றவற்றில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், தள்ளினால் வகை மாறும். வேறு கம்பெனிப் பெடல் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இந்தக் குட்டி சுவிட்ச். நாளைக்குக் கீபோர்டை மாற்றினாலும் பெடல் வீணாகாது.

ஜூன் 5, மாலை

குட்டி சுவிட்சில் எந்தப் பக்கம் எதற்கு என்று எழுதவில்லையாம். எழுதாவிட்டால் என்ன, இரண்டு பக்கம்தானே. ஒரு பக்கம் வைத்து, கீபோர்டை அணைத்துப் போட்டு, ஒரு நோட்டை அழுத்திப் பாருங்கள். தலைகீழாக இருந்தால் மறுபக்கம். தப்பாக வைத்தாலும் எதுவும் எரியாது.

ஜூன் 7

வடிவம் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

கீபோர்டுப் பெட்டியோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் டப்பா வகை. யமஹா எஃப்சி5, காசியோ எஸ்பி-3 எல்லாம் இந்தச் சாதி. கையில் எடுத்தால் எடையே தெரியாது. மேல்மூடியை அழுத்தினால் லேசாக இறங்கும், அவ்வளவுதான் அதன் பயணம். இன்னொன்று பியானோ வகை: நீளமான உலோகப் பாதம், கனமான அடிப்பாகம், பின்னால் ஒரு கீல். எஸ்பி-2, என்பி-2, யமஹா எஃப்சி4ஏ எல்லாம் இதில் வரும்.

டப்பா வகை வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே வேலை செய்யும், ஓரிடத்தில் நின்றால். நிற்காது. வழுவழுத் தரையில் உட்கார்ந்து மெதுவான பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன், பல்லவி முடிவதற்குள் பெடல் ஒரு சாண் முன்னே போயிருக்கும். கால் கட்டைவிரலால் தேடி இழுத்து வந்து வைத்தால், சரணத்தில் மறுபடியும் கிளம்பிவிடும். கை வாசிக்கிறது, கால் வேட்டையாடுகிறது. கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் பாதிக் கவனம் எனக்கு இதிலேயே போனது. பிறகு பியானோ வகைக்கு மாறினேன். வாசிப்பு மேம்பட்டதா என்றால், கவனம் திரும்பி வந்தது.

ஏன் நகர்கிறது என்று பார்த்தால் புரியும். நாம் நேர் கீழாக மிதிப்பதில்லை. குதிகால் தரையில் இருக்கிறது, பாதம் அதை மையமாக வைத்துச் சுழல்கிறது, ஒவ்வொரு மிதியும் பெடலைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது. எடை குறைவான டப்பா அதை எதிர்த்து நிற்க முடியாது. ரோலண்டின் டிபி-10 பெடலில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: அடியில் ஒரு ரப்பர் நாக்கு, அதை முன்பக்கம் விரித்துவிட்டால் நம் குதிகால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். நம் எடையே பெடலைப் பிடித்துக்கொள்ளும். விலை கொஞ்சம் கூடதான். யோசனையை மட்டும் இலவசமாகச் சுட்டுக்கொள்ளலாம்: டப்பாவை ஒரு ரப்பர் விரிப்பின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள், விரிப்பின் இந்த முனையில் குதிகால். சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். பெடலிலிருந்து ஸ்டாண்டின் குறுக்குக் கம்பிக்கு ஒரு கயிறு கட்டினாலும் போதும், முன்னே போக முடியாது. தரைவிரிப்பாக இருந்தால் வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தை அடியில் ஒட்டினால் கவ்விக்கொள்ளும்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் டப்பா வகையை அடியோடு ஒதுக்கச் சொல்வதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. பையில் போட்டுக்கொண்டு நாலு இடம் போய் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் தோது. பியானோ வகை தோளில் கனக்கும், அதன் பாதம் பையில் இருக்கும் மற்ற சாமானைக் குத்தும். நான் வெளியே போகும்போது இன்றைக்கும் டப்பாதான், கூடவே ஒரு துண்டு ரப்பர் விரிப்பு.

ஜூன் 8

தையல் மெஷின் மோட்டார் பெடலை மாட்டலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். அது வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற சாமான். கீபோர்டின் பெடல் ஓட்டையில் இருப்பது சில வோல்ட்தான். பிளக்கை வெட்டி ஒட்டலாமா என்பதற்கும் அதே பதில். கொஞ்சம் உரத்த குரலில்.

ஜூன் 10

ஹாஃப் பெடல் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பணம் வீணாகிற இடம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

நிஜப் பியானோவில் பெரும்பாலான கம்பிகள் மீது டேம்பர் என்று ஒரு கம்பளிக் கட்டை உட்கார்ந்திருக்கும். கீயை விட்டதும் அது கம்பியை அமுக்கி ஒலியை நிறுத்தும். வலது பெடலை மிதித்தால் எல்லாக் கட்டைகளும் ஒன்றாக மேலே எழும்பும், கம்பிகள் அதுபாட்டுக்கு ஒலிக்கும். பாதி மிதித்தால் கட்டை கம்பியை லேசாக உரசிக்கொண்டிருக்கும், ஒலி முழுதாக நிற்காமல் சீக்கிரம் தேயும். இந்த நடு நிலையைத்தான் ஹாஃப் பெடல் என்கிறார்கள்.

இதைச் செய்ய சுவிட்ச் போதாது. பெடலுக்குள் வால்யூம் குமிழில் இருப்பது போன்ற ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வேண்டும், பிளக்கிலும் மூன்று தொடர்புகள் வேண்டும். சாதாரண பெடல் பிளக்கில் ஒரு கறுப்பு வளையம், இதில் இரண்டு கறுப்பு வளையம், பார்த்தாலே தெரியும். யமஹா எஃப்சி3ஏ, ரோலண்ட் டிபி-10, கோர்க் டிஎஸ்-1ஹெச் இந்த வகை. டிபி-10இல் மட்டும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, ஒரு பக்கம் தள்ளினால் சாதாரண ஆன்-ஆஃப் பெடலாக நடந்துகொள்ளும்.

பெடல் மட்டும் நடுநிலை அனுப்பினால் போதாது, கீபோர்டுக்கும் அது புரிய வேண்டும். 61 கீ பாட்டுக் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் புரியாது. அவற்றில் இந்தப் பெடலை மாட்டினால் ஒன்று, எங்கோ ஓரிடத்தில் ஆன் ஆகி எங்கோ ஆஃப் ஆகும். இல்லையென்றால் பெடலே தெரியாதது போல இருக்கும். கம்பெனி மாறினாலும் சிக்கல்: பொட்டென்ஷியோமீட்டரின் எந்தக் கால் பிளக்கின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சுவிட்ச் பெடலில் கம்பெனி பார்க்க வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஹாஃப் பெடலில் கீபோர்டுக் கம்பெனி சொல்லும் பெடலை மட்டும் வாங்குங்கள். கையேட்டில் ஹாஃப் பெடல் அல்லது ஹாஃப் டேம்பர் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் நல்ல ஸ்டூல் வாங்கலாம்.

முதல் நாள் கேள்வி கேட்டவரின் 61 கீ கீபோர்டுக்கு இது வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் பியானோ மென்பொருள் வைத்து வாசிப்பவர்கள் கதை வேறு: பல மென்பொருள்கள் 64ஆம் கண்ட்ரோலரை 0 முதல் 127 வரை படிப்படியாகவே வாங்கிக்கொள்ளும். அங்கேயும் இடையில் இருக்கும் மிடி கீபோர்டு அந்தப் படிகளை அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

ஜூன் 11

"கீபோர்டிலேயே சஸ்டெய்ன் என்று ஒரு பட்டன் இருக்கிறதே, பெடல் எதற்கு?"

இரண்டும் ஒன்றில்லை. பட்டனைப் போட்டால் கீயை விட்ட பிறகு ஒவ்வொரு நோட்டும் கொஞ்சம் வால் நீண்டு மறையும். எல்லா நோட்டுக்கும் ஒரே வால், எப்போதும். பெடலில் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். இடது கை ஒரு பேஸ் நோட்டைத் தட்டிவிட்டு மேலே ஓடி மற்ற நோட்டுகளைப் பிடிக்கப் போகும்போது, கீழே அந்த பேஸ் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் பட்டனால் ஆகாது. பட்டனைப் போட்டுவிட்டுப் பெடலும் மிதிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து பட்டனை அணையுங்கள்.

ஜூன் 14

ஒரு பழைய பெடலைத் திறந்தேன். மலிவு வகை. வாசிக்கும்போது நடுநடுவே ஒலி வெட்டிக்கொண்டிருந்தது. பியானோ வகைதான், அடியில் நான்கு ரப்பர் கால், அவற்றைப் பிய்த்தால் நான்கு ஸ்க்ரூ. உள்ளே எதிர்பார்த்ததைவிடக் காலியாக இருந்தது: ஒரு சுருள் ஸ்பிரிங், ஒரு கனத்துக்கு வைத்த இரும்புத் துண்டு, ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள். தகடுகள் தொடும் இடத்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. தடித்த காகிதத்தில் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இடையில் செருகி இரண்டு இழுப்பு இழுத்தேன், காகிதம் கறுத்தது, தகடு மினுங்கியது. பாதி நோய் போயிற்று.

மீதி நோய் வயரில். பெடலுக்குள் வயர் நுழையும் துளையில் ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை, பிளாஸ்டிக்கின் கூரிய விளிம்பு நேராக வயரின் மேல். அந்த இடத்தில் வயரை வளைத்துக்கொண்டே ஒரு நோட்டைப் பிடித்தால் சத்தம் வந்து வந்து போனது. உள்ளே செம்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி சால்டர் செய்தேன், உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன், இனி வெளியே இழுத்தாலும் ஜாயின்ட்டுக்குப் போகாது. முதல் நாள் வயரின் பிடிப்பு பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன், அது இதைத்தான்.

ஆகவே கடையில் பெடலைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியது இப்படி. வயர் நுழையும் இடத்தில் தடித்த ரப்பர் கழுத்து இருக்கிறதா. பாதத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் அழுத்தினாலும் சிக்காமல் இறங்குகிறதா. ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு மிக மிக மெதுவாக அழுத்தி, எந்த ஆழத்தில் ஆன் ஆகிறது என்று கேளுங்கள். தொட்டவுடனே ஆன் ஆகிற பெடலில் காலை லேசாக வைத்து ஓய்வெடுக்க முடியாது. அடிவரை போனால்தான் ஆன் ஆகும் பெடலில் வேகமாக மாற்றும்போது சில மிதி விழாமல் போகும். நடுவில் இருப்பது நல்லது. கடைசியாக, கையால் வேகமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். கீச்சென்று சத்தம் போடும் பெடல் வீட்டில் அமைதியாகிவிடாது.

ஜூன் 14, இரவு

"நீங்களே செய்துவிடலாமே?" செய்யலாம். சுவிட்ச்தான் என்று நாமே ஒப்புக்கொண்டோமே. 6.35 மி.மீ. மோனோ பிளக் ஒன்று, இரண்டு கம்பி உள்ள வயர், அழுத்தினால் மட்டும் தொடுகிற காலிங் பெல் சுவிட்ச். எந்தக் கம்பி எந்தக் காலில் என்று பார்க்கவே வேண்டாம். மிதித்தால் தொடும் வகையாக அது வேலை செய்யும். மறு வகை வேண்டுமென்றால் மூன்று கால் உள்ள மைக்ரோ சுவிட்ச் வாங்குங்கள்; காமன், என்.ஓ., என்.சி. என்று எழுதியிருக்கும். காமனிலும் என்.சி.யிலும் கம்பியைப் பற்றவைத்தால் யமஹா வகை. காமனிலும் என்.ஓ.விலும் வைத்தால் காசியோ வகை.

காலிங் பெல் சுவிட்ச் விரலுக்குச் செய்தது. ஆள் எடையோடு மிதித்தால் பொத்தான் உள்ளே போய்த் திரும்பி வராது. மேலே கீல் வைத்த ஒரு பலகை, பலகைக்கு அடியில் தடுப்பு ஒன்று, இப்படிச் செய்யச் செய்ய அது பெடலைவிடப் பெரிய வேலையாகிவிடும். ஆசைக்குச் செய்யுங்கள், சிக்கனத்துக்கு வேண்டாம்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் எந்தப் பெடலின் வகையும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும், மறுமுனையைக் கழுத்துப் பகுதியிலும் தொடுங்கள். மிதிக்காமலே பீப் வந்தால் சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும் வகை.

ஜூன் 15

பெடல் மாட்டியதும் கீபோர்டில் சத்தமே வரவில்லை என்கிறவருக்கு: பெடலை ஹெட்ஃபோன் ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள். பல கீபோர்டுகளில் இரண்டு ஓட்டையும் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஹெட்ஃபோன் வந்துவிட்டது என்று நினைத்து அது ஸ்பீக்கரை அணைத்துவிடும்.

இன்னொன்று. எக்ஸ்பிரஷன் பெடல், வால்யூம் பெடல் என்று அகலப் பாதத்தோடு வருபவை வேறு ஜாதி. மிதித்த இடத்திலேயே நிற்கும், ஸ்பிரிங் திரும்பத் தள்ளாது. பிளக் பொருந்துகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். மிடியில் எக்ஸ்பிரஷன் 11ஆம் எண், நமக்கு வேண்டியது 64.

வயர் எட்டாவிட்டால் கிட்டார் வயரும், இரு பக்கமும் ஓட்டை உள்ள ஒரு இணைப்பானும் போதும், சுவிட்ச் பெடலுக்கு அது கச்சிதமாக வேலை செய்யும். ஹாஃப் பெடலுக்கு மட்டும் ஸ்டீரியோ வயர்.

ஜூன் 19

பெடல் வாங்கிய ஒருவர் சொல்கிறார், வாசிப்பு முன்பைவிட மோசமாகிவிட்டதாம், எல்லாம் குழம்பிக் கேட்கிறதாம். அது பெடலின் குறை இல்லை. மிதித்த காலை எடுக்காமலே கார்டு (ஒன்றாக அழுத்தும் சில நோட்டுகள்) மாற்றினால் பழைய கார்டும் புதுக் கார்டும் ஈரத் துணியில் ஊறிய மை மாதிரி ஒன்றில் ஒன்று கலந்துவிடும்.

முறை இது. கார்டைக் கையால் அழுத்திய பிறகு பெடலை மிதியுங்கள், அதோடு சேர்த்து இல்லை. அடுத்த கார்டு விழுகிற அதே நொடியில் காலைத் தூக்குங்கள், விழுந்த உடனே மறுபடி மிதியுங்கள். கை இறங்கும்போது கால் ஏறும். கை இறங்கும்போதே காலையும் இறக்கத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60இல் வைத்து, நாலு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு என்று மாற்றிப் பழகினால் பிடிபடும். பெடல் ஆன் ஆகும் ஆழத்தைக் காது கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்: அந்த ஆழத்தைத் தாண்டினால் போதும், காலை முழுதாக மேலே தூக்க வேண்டியதில்லை. பாதம் பெடலை விட்டு எழும்பினால் டப்டப் என்று தட்டும் சத்தம் வேறு.

ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் ஒலிகளில் பெடல் இன்னும் ஆபத்து. பியானோ ஒலி தானாகத் தேயும். இவை தேயாது, காலை எடுக்கும் வரை முழுச் சத்தத்தில் நிற்கும். அந்த ஒலிகளில் கால் ஓரமாக இருக்கட்டும்.

ஜூன் 19, தொடர்ச்சி

நீளமாகப் பெடலைப் பிடித்தால் முதலில் வாசித்த நோட்டுகள் திடீரென்று காணாமல் போகின்றனவே என்று இன்னொரு கேள்வி. பாலிஃபொனி. கீபோர்டு ஒரே சமயத்தில் இத்தனை ஒலிதான் எழுப்பும் என்று ஓர் எல்லை, 32, 48, 64 என்று. பெடல் பிடித்திருக்கும்போது விட்ட நோட்டும் கணக்கில்தான் இருக்கும். இரண்டு ஒலிகளை அடுக்கி வாசித்தால் ஒவ்வொரு கீக்கும் இரண்டு போகும். பின்னால் தாளமும் ஓடினால் அதற்கும் பங்கு. எல்லை தாண்டினால் பெரும்பாலும் பழைய நோட்டைக் கொன்று புது நோட்டுக்கு இடம் தரும். புதுப் பெடல் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. அடுக்கு ஒலியை அணைத்துப் பாருங்கள்.

மேல்கோடியில் இருக்கும் கீகள் பெடல் மிதிக்காமலே, விரலை எடுத்த பிறகும் ஒலிக்கின்றன என்று 88 கீ வைத்திருப்பவர் சொன்னதும் பழுது இல்லை. நிஜப் பியானோவில் கடைசி ஒன்றரை ஆக்டேவுக்கு டேம்பரே கிடையாது, அந்தக் கம்பிகள் குட்டையானவை, தானே சீக்கிரம் அடங்கிவிடும். நல்ல டிஜிட்டல் பியானோக்களில் அதையும் அப்படியே செய்து வைத்திருப்பார்கள்.

இன்னொரு சங்கதி, இதற்குச் சம்பந்தம் கொஞ்சம்தான்: 18ஆம் நூற்றாண்டுப் பியானோக்கள் பலவற்றில் டேம்பரைத் தூக்கக் கால் பெடல் இல்லை. கீபோர்டுக்கு அடியில் ஒரு நெம்புகோல், அதை முழங்காலால் மேலே தூக்கினார்கள். தரையில் நகர்ந்து ஓடாது பாருங்கள்.

ஜூன் 22, காலை (முதல் கேள்வி கேட்டவர்)

பியானோ வகை, போலாரிட்டி சுவிட்ச் உள்ளது, கம்பெனிப் பெடலைவிட விலை குறைவு. வாங்கியாயிற்று. நகரவில்லை. என் கட்சியை முழுசாக விடவில்லை, இருப்பதிலேயே மலிவானதற்கு ஒரு படி மேலே ஏறியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் பேஸ், வலது பக்கம் பியானோ என்று வைத்தால் பெடல் வலது பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிறது. பெடல் பழுதா?

ஜூன் 22, மதியம்

பழுதில்லை. சில கீபோர்டுகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்ப்ளிட் செய்த இடது ஒலிக்குப் பெடல் போகாது, ஆட்டோ அகம்பனிமென்ட்டுக்கும் (கீபோர்டு தானாக வாசிக்கும் பக்கவாத்தியம்) போகாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், பேஸ் நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இழுத்துக்கொண்டு கிடந்தால் காது தாங்காது. கையேட்டில் சஸ்டெய்ன் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இது இருக்கும். இடது கைக்கும் பெடல் வேண்டுமென்றால் ஸ்ப்ளிட்டை அணைத்துவிட்டு முழு கீபோர்டையும் பியானோவாக வைத்து வாசியுங்கள்.